குளிர்காலப் பாய்மரப் பந்தயம்: நம் கடற்கரையில் மார்கழி வேண்டாம், தை பிறக்கட்டும்

லாஸ்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் அக்கா மகன் பிரான்சில், பிரெஸ்ட் பக்கம் இருக்கிறான். நவம்பரில் இருந்து மார்ச் வரை ஞாயிறுதோறும் சின்னப் பாய்மரப் படகில் பந்தயம் ஓட்டுவதாகப் படம் அனுப்புகிறான். என் மகளுக்கு 13 வயது, 40 கிலோ இருப்பாள், நன்றாக நீந்துவாள். புதுச்சேரியிலோ கடலூரிலோ மார்கழிக் குளிரில் இப்படி ஒரு பந்தயம் நடத்த முடியுமா? ஆபத்தில்லையா? எந்தப் படகு, என்ன விதி, எங்கிருந்து தொடங்குவது?"

முடியும். சொல்லப்போனால், நம் கடற்கரையில் சின்னப் பாய்மரப் படகுக்கு வருடத்தின் நல்ல நாட்களே குளிர்காலத்தில்தான் வருகின்றன. ஆனால் உங்கள் அக்கா மகனின் நாட்காட்டியைக் கொண்டுவந்து இங்கே மாட்ட முடியாது. அவன் தொடங்குகிற நவம்பரில் நாம் படகைக் கரையேற்றிக் கட்டிப்போட வேண்டும். நம் பருவம் பொங்கலுக்குப் பிறகு தொடங்கி மாசி முடிகிறபோது முடியும். ஏறக்குறைய எட்டு வாரம், அவ்வளவுதான். நான் ஒரு சிறு கிளப்பில் பந்தயம் நடத்துகிற பக்கம் நிற்பவன். கொடி, விசில், ஸ்டாப்வாட்ச் என்று என் வேலை கமிட்டி படகில். அங்கிருந்து பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

முதலில் குளிர் நாட்டுக்காரர்கள் இதை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் பெரிய யாட்டுகளைக் கரையில் மூடி வைத்துவிட்டு, கையால் தூக்கிப் போகக்கூடிய சின்ன டிங்கிகளில் போட்டி போடும் பழக்கம் அமெரிக்காவில் 1932 புத்தாண்டை ஒட்டி, நியூயார்க் அருகே லாங் ஐலண்டின் மன்ஹாசெட் விரிகுடாவில் சூடு பிடித்தது. ஃப்ராஸ்ட்பைட் பந்தயம் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அங்கே ஜனவரிக் கடல் நீர் 5 டிகிரியை ஒட்டி இருக்கும். பிரெஸ்ட் பக்கம் பரவாயில்லை, 10 டிகிரி. இரண்டுமே மனிதன் விழக்கூடாத தண்ணீர். குளிர்நீர் மீட்புப் பயிற்சியில் 1-10-1 என்று ஒரு கணக்கு சொல்லிக்கொடுப்பார்கள். விழுந்ததும் மூச்சு வாங்கித் திணறுவது அடங்க 1 நிமிடம். கை, கால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம். உடல் சூடு இறங்கி நினைவு தப்பச் சுமார் 1 மணி நேரம். இதனால்தான் அவர்களுடைய குளிர்காலப் பந்தயங்கள் எல்லாம் குட்டையாக இருக்கும். 15, 20 நிமிடத்தில் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும். கரைக்குப் பக்கத்திலேயே சுற்றுவார்கள். கவிழ்ந்தவரை உடனே தூக்க மோட்டார் படகு ஒன்று கூடவே நிற்கும்.

இந்த அமைப்பு நமக்கும் அப்படியே பொருந்துகிறது. காரணம்தான் வேறு. நம் கடல் ஜனவரியிலும் 26, 27 டிகிரி. குளிரால் யாரும் உறைந்துபோகப் போவதில்லை. ஆனால் நம் காற்று ஒரே காலையில் இரண்டு முறையாவது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இரண்டு மணி நேர நீண்ட பந்தயம் ஒன்றை வைத்தால் பாதி நேரம் எல்லாரும் பாய் தொங்கக் காத்துக்கிடப்பார்கள். அப்புறம் யாருக்கு அதிர்ஷ்டமாகக் காற்று முதலில் வந்து சேர்ந்ததோ அவர் ஜெயிப்பார். அதையே ஆறு, ஏழு குட்டிப் பந்தயமாக வெட்டினால் அதிர்ஷ்டம் கரைந்து, ஓட்டத் தெரிந்தவர் மேலே வருவார். புதியவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. பாய்மரப் பந்தயத்தில் கற்றுக்கொள்ளக் கடினமானது தொடக்கம்தான். நீண்ட பந்தயம் என்றால் ஒரு நாளுக்கு ஒரே தொடக்கம்; குட்டிப் பந்தயம் என்றால் ஏழு. எட்டு வாரத்தில் எத்தனை ஆகிறது என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

மார்கழி ஏன் வேண்டாம்? வடகிழக்குப் பருவமழை அக்டோபர் கடைசியில் பிடித்தால் டிசம்பர் முழுக்க அதன் கை ஓங்கியிருக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். சரி, டிசம்பர் பாதி தாண்டிவிட்டால் பயமில்லை என்று நினைப்பவர்களுக்குத் தானே புயல் பதில் சொன்னது. 2011 டிசம்பர் 30 காலை அது புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் உள்ளே வந்தது. தேதியைப் பாருங்கள், அது நடு மார்கழி. புயலே இல்லாத வருடத்திலும் சங்கராபரணி வெள்ளம் வடிய நாளாகும். ஆற்றோடு தென்னந்தடி, ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக் எல்லாம் மிதந்து வரும். டேகர்போர்டு, அதாவது படகின் நடுவில் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் பலகை, ஒரு தடியில் மோதினால் படகு அப்படியே நிற்கும், ஓட்டுபவர் முன்னால் பறப்பார். மழைத் தண்ணீர் கலங்கியிருக்கும்போது உள்ளே என்ன கிடக்கிறது என்றும் தெரியாது. கடலில் வாடைக்காற்று தொடர்ந்து அடித்து அலை எழுப்பியிருக்கும். கரையில் உடையும் அலையைத் தாண்டி 35 கிலோ படகைக் கொண்டுபோவது சிறுவர்களுக்கான வேலை இல்லை.

தை பிறந்த பிறகு காட்சி மாறிவிடும். மழை விலகும், ஆறு தெளியும், காற்று ஒழுங்குக்கு வரும். அந்த நாட்களின் காலை பெரும்பாலும் இப்படிப் போகும். விடிகிற நேரத்தில் நிலத்திலிருந்து, மேற்கு அல்லது வடமேற்கிலிருந்து, மெல்லிய காற்று; 3, 4 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.) இருந்தால் பெரிது. 9 மணி சுமாருக்கு அதுவும் செத்துவிடும், தண்ணீர் கண்ணாடியாகும். அனுபவமில்லாதவர்கள் அப்போதுதான் "இன்றைக்கு அவ்வளவுதான்" என்று பாயை இறக்குவார்கள். பொறுங்கள். தரை சூடேறி, 11 மணியை ஒட்டிக் கிழக்கே தொடுவானத்துக்கு இந்தப் பக்கம் தண்ணீர் கறுத்துக்கொண்டு வரும். கடற்காற்று வந்துவிட்டது. பருவக்காற்றும் அதே பக்கமிருந்து தள்ளுவதால் ஜனவரியில் அது வடகிழக்காகப் பிடித்து மதியத்தில் 12, 15 நாட் வரை போகும். அங்கங்கே வெள்ளை நுரை தெரிந்தால் 10 நாட்டை நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம். நுரை எங்கு பார்த்தாலும் தெரிந்தால் புதியவர்களைக் கரைக்குக் கூப்பிட்டுவிடுவேன்.

இதற்குள் ஒரு நுட்பம் இருக்கிறது, உங்கள் மகள் பின்னால் கற்கப்போவது. பூமி சுழல்வதால் நம் அரைக்கோளத்தில் கடற்காற்று நேரமாக ஆகக் கடிகார முள் போகும் பக்கமாகத் திரும்பும். வடகிழக்காக வந்தது கிழக்காகும். மாசியில் பருவக்காற்று தளர்ந்த பிறகு மாலைக்குள் தென்கிழக்கு வரைகூடப் போகும். காற்றை நோக்கி ஏறும்போது இது உங்களுக்கு வலப்பக்கமாகத் திரும்புகிறது என்று பொருள். ஆகவே மதியப் பந்தயங்களில் களத்தின் வலப்பக்கமாக ஏறியவர்கள் அடிக்கடி முன்னால் வருவார்கள். எப்போதும் அல்ல. மேகம் ஒன்று குறுக்கே வந்தால் கணக்கு தலைகீழாகும். ஆனாலும் ஒன்றும் புரியாத நாளில் வலப்பக்கம் போவது மோசமான யோசனை இல்லை.

எங்கே ஓட்டுவது? தொடக்கத்துக்கு நோணாங்குப்பம் பக்கத்துச் சுண்ணாம்பாறுதான் என் தேர்வு. சங்கராபரணி பிரிந்து வரும் கிளை அது. உப்பங்கழி, அலை கிடையாது, விழுந்தாலும் பெரும்பாலான இடத்தில் கழுத்தளவு. குறை என்னவென்றால் கரையோரச் சவுக்கும் தென்னையும் காற்றை உடைத்து உடைத்து அனுப்பும். ஒரு நிமிடம் பாய் தொங்கும், அடுத்த நிமிடம் அடித்துப் புரட்டும். இதைக் குறையாகச் சொன்னாலும், இங்கே பழகிய பிள்ளைகள் திறந்த கடலுக்குப் போனதும் "இவ்வளவு ஈசியா" என்று கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். சுற்றுலாப் படகுகள் போகும் தடத்தை விட்டு விலகிக் களம் போட வேண்டும். அவர்கள் 10 மணிக்கு மேல் நெருக்கமாக ஓடுவார்கள்.

அடுத்த படி அரியாங்குப்பம் முகத்துவாரம், தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தைத் தாண்டி வெளிக்கடல். இங்கே அவசரப்படக் கூடாது. நம் பக்கம் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும் வற்று நேரத்தில் ஆறு வெளியே பாயும்போது எதிரே கிழக்குக் காற்று அடித்தால் முகத்துவாரத்தில் அலை குட்டையாக, செங்குத்தாக எழும். நீர் ஏறுகிற நேரத்தில் அதே இடம் சாதுவாக இருக்கும். வெளியே போவதும் உள்ளே வருவதும் எந்த நேரத்தில் என்று ஓத அட்டவணையைப் பார்த்து முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். கடலூரில் கடற்கரைக்கு இணையாக மணல் திட்டுக்குப் பின்னால் ஓடும் உப்பனாறு நல்ல இடம். நீளமாக இருப்பதால் வடகிழக்குக் காற்றில் எதிரேறும் ஓட்டமும் காற்றோடு இறங்கும் ஓட்டமும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்துபோகும் விசைப்படகுகள் அதே தடத்தில்தான். வெள்ளி கடற்கரையில் இருந்து நேராக அலையைக் கிழித்து இறங்குவது பார்க்க நன்றாக இருக்கும். பழகியவர்களுக்கு மட்டும்.

மீனவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நகரத்திலிருந்து வரும் பாய்மரக்காரர்கள் தவறாக நினைப்பது இதில்தான். "பாய்ப் படகுக்கு மோட்டார் படகு வழிவிட வேண்டும்" என்று எங்கோ படித்துவிட்டு வருவார்கள். சர்வதேசக் கடல் விதி அதோடு நிற்கவில்லை. வலை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்குப் பாய்மரப் படகுதான் விலக வேண்டும். குறுகிய கால்வாயில், அதற்குள் மட்டுமே போக முடிந்த பெரிய படகின் வழியையும் மறிக்கக் கூடாது. விதியை விடுங்கள், காலையில் மீனோடு திரும்புகிறவருக்கு அது பிழைப்பு, நமக்கு விளையாட்டு. களம் போடுவதற்கு முதல் நாளே வீராம்பட்டினத்திலோ நோணாங்குப்பத்திலோ போய் எங்கே வலை கிடக்கும், எத்தனை மணிக்குப் படகுகள் வரும் என்று கேட்டுவிட்டு மிதவை போட வேண்டும். டேகர்போர்டில் வலை சிக்கினால் அறுக்காதீர்கள். பாயைத் தளர்த்தி, டேகர்போர்டையும் சுக்கானையும் மேலே இழுத்தால் பெரும்பாலும் தானே நழுவிவிடும்.

இப்போது படகு. 13 வயது, 40 கிலோ என்றால் ஆப்டிமிஸ்ட். 1947இல் ஃப்ளோரிடாவின் கிளியர்வாட்டரில் கிளார்க் மில்ஸ் என்பவர் பிள்ளைகளுக்காக வரைந்த படகு அது. 8 அடி ப்ளைவுட் பலகையில் அடங்க வேண்டும் என்பதால் மூக்கை வெட்டியதுபோல் சதுரமாக முடித்துவிட்டார். நீளம் 2.3 மீட்டர், எடை 35 கிலோ, ஒரே பாய். பார்க்க வாத்து மாதிரி இருக்கும். ஆனால் ஒலிம்பிக்குக்குப் போனவர்களில் பலர் இதில்தான் தொடங்கினார்கள். 15 வயது வரை இதில் போட்டி போடலாம். அதற்கு மேல் ஐஎல்சிஏ. பழைய ஆட்கள் லேசர் என்பார்கள். புரூஸ் கிர்பி வரைந்தது, 1970களின் தொடக்கத்திலிருந்து சந்தையில் இருப்பது. 4.2 மீட்டர் உடல் ஒன்றுதான், பாய் மட்டும் மூன்று அளவு: ஐஎல்சிஏ 4க்கு 4.7 சதுர மீட்டர், 6க்கு 5.76, 7க்கு 7.06. பிள்ளை வளர வளர அதே உடலில் பாயையும் பாய்மரத்தின் கீழ்த்துண்டையும் மாற்றிக்கொண்டு போகலாம். கிளப்புக்கு இது பெரிய வசதி. சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது இதன் நடு அளவுப் பாயில். பாய்மரத்தில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கியது பெரிய பாயில். உங்கள் மகளிடம் சொல்லுங்கள், நம் தண்ணீரில் விளைந்த ஆட்கள்.

படகை உடனே வாங்காதீர்கள். கிளப் படகில் ஒரு பருவம் போகட்டும். பிள்ளைக்குப் பிடித்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். பழைய படகில் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பந்தயம் எப்படித் தொடங்குகிறது என்பதுதான் கரையில் நிற்பவர்களுக்குப் புரியாத விஷயம். ஓட்டப்பந்தயம் போல எல்லாரும் கோட்டில் கால் வைத்து நிற்க முடியாது; படகுக்கு பிரேக் இல்லை. கமிட்டி படகில் நிற்கும் கொடிக்கம்பத்துக்கும் ஒரு மிதவைக்கும் நடுவில் கற்பனைக் கோடு. அதிகாரபூர்வ விதிப்படி 5 நிமிடம் இருக்கும்போது அந்தப் படகு வகைக்கான வகுப்புக் கொடி ஏறும், 4 நிமிடத்தில் தயார்க் கொடி, 1 நிமிடத்தில் தயார்க் கொடி இறங்கும், பூஜ்யத்தில் வகுப்புக் கொடி இறங்கும். சின்ன கிளப்புகளில் விசிலை வைத்து 3 நிமிட எண்ணிக்கையாகச் சுருக்கிக்கொள்கிறோம். அந்த 3 நிமிடமும் படகுகள் கோட்டுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசி 20 விநாடியில் எல்லாரும் ஒரே முனையில் முண்டுவார்கள், திருக்கனூர் பஸ் வந்து நின்ற மாதிரி. பூஜ்யத்துக்கு முன் மூக்கு கோட்டைத் தாண்டிவிட்டால் திரும்பி வந்து மறுபடி தாண்ட வேண்டும். குட்டிப் பந்தயத்தில் அது கடைசி இடம் என்று அர்த்தம்.

ஏன் ஒரே முனையில் முண்டுகிறார்கள்? கோடு காற்றுக்குச் சரியாகக் குறுக்கே இருப்பது அபூர்வம். எட்டு ஐஎல்சிஏ படகுகளுக்கு 50 மீட்டர் கோடு போடுவோம். அந்தக் கோடு 10 டிகிரி சாய்ந்தால் ஒரு முனை மற்றதைவிட 8 மீட்டருக்கு மேல் காற்றுக்கு அருகில் போய்விடும். இரண்டு படகு நீளம் சும்மா கிடைக்கிறது. உங்கள் மகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: எண்ணிக்கை தொடங்குமுன் கோட்டின் நடுவில் போய்ப் படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பு; மூக்கு எந்த முனைப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்த முனை லாபம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த முனையிலேயே போய் நசுங்காமல், அதிலிருந்து கொஞ்சம் தள்ளி, சுத்தமான காற்றில் வேகமாகக் கிளம்பு. புதியவர்கள் இரண்டாவது பாதியைக் கேட்கவே மாட்டார்கள்.

கோட்டைத் தாண்டினால் காற்றை எதிர்த்து ஏற வேண்டும். எந்தப் பாய்மரப் படகும் காற்றுக்கு நேராகப் போகாது. சுமார் 45 டிகிரி விலகித்தான் போகும். ஆகவே ஒரு பக்கம் போய், டாக் அடித்து (மூக்கைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பி), மறுபக்கம் போய் என்று வளைந்து வளைந்து மேல் மிதவையை அடைய வேண்டும். அப்படிக் குறுக்கும் நெடுக்கும் போகும்போது மோதாமல் இருக்கத்தான் விதிகள். உலகப் பாய்மரக் கூட்டமைப்பின் விதிப்புத்தகம் நாலு வருடத்துக்கு ஒருமுறை திருத்தப்படும். இப்போது நடப்பது 2025 முதல் 2028 வரைக்குமானது. புத்தகம் தடிமனாக இருக்கும், பயப்பட வேண்டாம். முதல் பருவத்துக்கு மூன்று போதும். காற்று வலப்பக்கத்திலிருந்து வரும் படகுக்கு, அதாவது பூம் (பாயின் அடிப்பகுதியைத் தாங்கும் கட்டை) இடப்பக்கம் இருப்பவருக்கு, வழி உரிமை, அவர்தான் "ஸ்டார்போர்டு!" என்று கத்துவார், மற்றவர் விலக வேண்டும். இருவருக்கும் ஒரே பக்கத்துக் காற்று, பக்கவாட்டில் ஒட்டிப் போகிறார்கள் என்றால் காற்று முதலில் யாரைத் தொடுகிறதோ அவர் விலக வேண்டும். பின்னால் வருபவர் முன்னால் போகிறவருக்கு விலக வேண்டும். மிதவையைச் சுற்றும்போது மூன்று படகு நீள வட்டத்துக்குள் உள்பக்கம் இருப்பவருக்கு இடம் தர வேண்டும் என்பது நான்காவது. அதில்தான் சண்டை அதிகம், அதனால் அது பிறகு. தப்பு செய்தவர் தானே ஒப்புக்கொண்டு இரண்டு சுற்று சுற்ற வேண்டும். மிதவையை இடித்தால் ஒரு சுற்று. நடுவர் யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது முதலில் விசித்திரமாகத்தான் இருக்கும்.

மதிப்பெண் சுலபம். முதலிடத்துக்கு 1, இரண்டாவதுக்கு 2. குறைந்த கூட்டுத்தொகை ஜெயிக்கும். வராதவருக்குப் பதிவு செய்தவர் எண்ணிக்கையைவிட ஒன்று கூட. சில மோசமான முடிவுகளைக் கழித்துவிடலாம் என்று பருவத் தொடக்கத்திலேயே எழுதிவைத்துவிட்டால் கல்யாணம், காதுகுத்து, பரீட்சை என்று ஒரு வாரம் வராத பிள்ளையும் பட்டியலில் தங்கும். ஜனவரி, பிப்ரவரியில் இது முக்கியம். முகூர்த்த நாளும் மாதிரித் தேர்வும் அப்போதுதான்.

படகுகள் வேறு வேறாக இருந்தால்? எங்களைப் போன்ற கிளப்புகளில் ஒரே வகைப் படகு எட்டு சேர்வதே கஷ்டம். அதற்குப் பிரிட்டனின் போர்ட்ஸ்மத் எண் கைகொடுக்கும். ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண். எடுத்த நேரத்தை 1000ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுக்க வேண்டும். ஐஎல்சிஏ 7க்கு 1100 என்றும் ஆப்டிமிஸ்டுக்கு 1640 என்றும் வைத்துக்கொள்வோம். உண்மை எண்கள் அதை ஒட்டியே இருக்கும், வருடாவருடம் சிறிது நகரும். பெரியவர் 40 நிமிடத்தில் முடித்தால் திருத்திய நேரம் 36 நிமிடம் 22 விநாடி. உங்கள் மகள் அதே தூரத்தை ஆப்டிமிஸ்டில் 58 நிமிடத்தில் முடித்தால் 35 நிமிடம் 22 விநாடி. மகள் ஒரு நிமிட வித்தியாசத்தில் ஜெயிக்கிறாள். இதற்குக் கணக்குப் பலகை முன்னால் நடக்கும் வாக்குவாதம் வேண்டாம் என்றால் துரத்தல் பந்தயம் வைக்கலாம்: மெதுவான படகு முதலில் கிளம்பும், வேகமானவை அந்த எண்ணின்படி தாமதமாக; குறித்த நேரத்தில் விசில் ஊதும்போது யார் முன்னால் இருக்கிறாரோ அவர் முதல். பருவத்தின் கடைசி நாளில் இதை வைத்தால் வீட்டுக்காரர்கள் எல்லாம் கரையில் வந்து நிற்பார்கள், பார்க்கவும் புரியும்.

ஆபத்து பற்றிக் கேட்டீர்கள். கவிழ்வது ஆபத்தில்லை, அது பாடத்தில் ஒன்று. முதல் நாளே வேண்டுமென்றே கவிழ்த்துப் பழக்குவோம். பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறான மெயின்ஷீட்டை விட்டுவிட்டு, டேகர்போர்டில் ஏறி நின்று, மூக்கைக் காற்றுப் பக்கம் வைத்து நிமிர்த்த வேண்டும். சுண்ணாம்பாற்றில் மட்டும் ஒரு தனி வில்லங்கம்: ஆழம் குறைவு, அடியில் சேறு. படகு முழுக்கக் குப்புற விழுந்தால் பாய்மரத்தின் நுனி சேற்றில் குத்திக்கொள்ளும். அப்போது டேகர்போர்டில் ஏறிக் குதித்தால் மரம் வளையும், இல்லையென்றால் ஒடியும். மீட்புப் படகு வந்து, குத்திய திசையிலேயே மெதுவாக இழுத்து எடுக்க வேண்டும். புதியவர்களின் மர நுனியில் ஒரு மிதவைப் பந்தைக் கட்டிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

எது நடந்தாலும் படகை விட்டு நீந்தக் கூடாது. நன்றாக நீந்தும் பிள்ளைகளிடம்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களுக்குத்தான் கரை பக்கத்தில் தெரியும். கவிழ்ந்த படகு மிதக்கும், தூரத்தில் இருந்தும் கண்ணில் படும். தலை மட்டும் படாது. லைஃப் ஜாக்கெட் என்பது நீச்சல் தெரிந்தவருக்கும் சேர்த்துத்தான். கீழே கால் வைத்தால் சிப்பி கிழிக்கும், பழைய கான்வாஸ் ஷூ போடுங்கள்.

குளிர் பற்றிச் சிரிப்பீர்கள். ஆனால் ஜனவரிக் காலை 20 டிகிரியை ஒட்டி இருக்கும். நனைந்த பருத்திச் சட்டையில் காற்று அடித்தால் 40 கிலோ பிள்ளைக்கு ஒரு மணி நேரத்தில் உதடு நீலமாகும், விரல் கயிறு பிடிக்காது. பருத்தி வேண்டாம், லைக்ரா மேல்சட்டையும் அதன் மேல் காற்று புகாத மெல்லிய மேலங்கியும் போதும். பந்தய இடைவெளியில் சுக்குமல்லி காபி. 11 மணிக்கு மேல் அதே பிள்ளைக்கு வெயில் தாக்கும், தொப்பியைக் கயிறு கட்டிப் போடச் சொல்லுங்கள்.

நாங்கள் வைத்திருக்கும் கட்டுப்பாடுகளில் இரண்டை யாருக்காகவும் தளர்த்துவதில்லை. கடலூர் அல்லது புதுச்சேரி துறைமுகத்தில் 1ஆம் எண் புயல் கூண்டு ஏறினால்கூடப் பந்தயம் கிடையாது, வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும் சரி. மீட்புப் படகின் இன்ஜின் கரையில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கப்படாமல் ஒரு பாயும் ஏறாது. இவை தவிர, முதல் நாள் மாலையே ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் கடல்நிலை முன்னறிவிப்பைப் பார்ப்போம். கடலோரக் காவல் துறைக்கு எத்தனை படகு, எத்தனை மணி வரை என்று சொல்லிவிடுவோம். கடலோரக் காவல்படையின் 1554 எண் கமிட்டி படகில் ஒட்டியிருக்கும்.

எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு: தை பிறக்கும் முன்பே ஒரு கிளப்பில் பெயர் கொடுங்கள், மார்கழியை வீணாக்காமல் கரையில் முடிச்சுகளும் விதிகளும் பழகட்டும். பௌலைன், எட்டு முடிச்சு, கிளீட் முடிச்சு மூன்றும் கண்ணை மூடிக்கொண்டு வர வேண்டும். முதல் இரண்டு சனிக்கிழமை உப்பங்கழியில் பந்தயமில்லாமல் ஓட்டம், மூன்றாவது வாரத்திலிருந்து கோட்டுக்கு வரலாம். நீங்கள் கரையில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கமிட்டி படகில் நேரம் பார்க்கவும், முடிக்கும் படகுகளின் பாய் எண்ணை எழுதவும் எப்போதும் ஆள் பற்றாக்குறை. பென்சிலும் நனையாத நோட்டும் கொண்டுவாருங்கள். பேனா வேண்டாம், அது முதல் சாரலிலேயே நின்றுவிடும்.